டிஞ்சர் பூசாத கால்கள்

என் மனைவியின் தொண்டையில் கட்டி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நானும் அல்ல, அவளும் அல்ல. எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் தொழிலாளர் வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காதான் அதைக் கண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் இருவரும் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி அண்ணாந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். அக்கா கையிலிருந்த துணியைக் கல்லில் அப்படியே விட்டுவிட்டு, "அடியே, ஒன் தொண்டையில என்னமோ ஏறி எறங்குதுடி. கொய்யாக்காய முழுசா முழுங்கிட்டியா?" என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அன்று மாலை அவள் அதை ஒரு வேடிக்கையாகவே என்னிடம் சொன்னாள். என் விரலைப் பிடித்துத் தன் தொண்டையின் வலப்பக்கத்தில் வைத்து எச்சிலை விழுங்கிக் காட்டினாள். விரலின் கீழே ஏதோ ஒன்று மேலே போய்க் கீழே வந்தது. அது பாக்குக் கொட்டையைப் போலக் கடினமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று என்னைப் பற்றிக்கொண்ட அமைதியின்மை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் என்னை விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து எழுதப் பழகியவன் நான். மருத்துவத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு யாதொரு தகுதியும் இல்லை. ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகளில் என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவதற்கு வேறு எவரும் இல்லையாதலால், நானே எழுதுகின்றேன்.

நாங்கள் அப்போது இலங்கையின் மலைநாட்டில், மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. லயங்களில் பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. அவற்றில் இருந்தவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தார்கள். என் மனைவி கொழுந்து எடுத்தாள். நான் தேயிலைத் தொழிற்சாலையில், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் இடத்தில், இலை வாட்டும் மாடியில் வேலை செய்தேன். எங்களுக்குச் சிறிய மகள் ஒருத்தி இருந்தாள்.

தோட்டத்து மருந்தறையில் இருந்தவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் அழைப்போம். அவர் முதலில் அலட்சியமாகவே பேசினார். "கழுத்துக் கழலைதானே? இந்தத் தோட்டத்துல பத்துப் பொம்பளைக்காவது இருக்கு. தண்ணி அப்படி," என்றார். நானும் சிறிது ஆறுதல் அடைந்தேன். ஆனால் மற்றப் பெண்களின் கழலை கழுத்து முழுவதும் மென்மையாகப் பரந்திருந்தது. இவளுடையதோ ஒரு பக்கத்தில் மட்டும் கல்லாக நின்றது. இரண்டு மாதத்தில் இவள் குரல் கம்மத் தொடங்கிற்று. மலையில் தூரத்தில் நிற்பவளைக் கூப்பிட்டால் பாதியில் குரல் உடைந்தது. அதைக் கேட்ட பிறகு டாக்டர் ஐயாவே எங்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பதுளையில் எங்களைப் பார்த்த டாக்டர் சிங்களவர். தமிழை நிறுத்தி நிறுத்தி, ஆனால் அக்கறையோடு பேசினார். முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தை அவர் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். கழுத்தெலும்புகள் அடுக்கிவைத்த கற்களைப் போல வெண்மையாகத் தெரிந்தன. அவற்றின் முன்னால் கறுப்பாக ஒரு பாதை இறங்கியது. அதுதான் மூச்சுக் குழலாம். நேராக இறங்க வேண்டிய அந்தப் பாதை, வழியில் பாறையைக் கண்ட தண்ணீரைப் போல இடப்பக்கம் ஒதுங்கி இறங்கியது.

"கட்டி தள்ளுது. அது தெரியும்," என்றார் டாக்டர். "ஆனா நல்ல கட்டியா, கெட்ட கட்டியா, இந்தப் படம் சொல்லாது. கொழும்பு போகணும். ஸ்கேன் எடுக்கணும்."

ஸ்கேன் என்ற சொல்லை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவர் விளக்கினார். எக்ஸ்ரேயில் இயந்திரம் வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சுகிறது. ஸ்கேனிலோ நோயாளி குடிக்கும் மருந்தே உள்ளிருந்து கதிர் வீசும். இயந்திரம் வெளியே இருந்து அதை வாங்கிக்கொள்ளும். தொண்டைச் சுரப்பிக்கு அயோடின் என்ற பொருள் உணவு. அது எங்கே கிடைத்தாலும் இழுத்துத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே கதிர் வீசும் அயோடினைக் கொடுத்தால், சுரப்பியில் வேலை செய்யும் இடமெல்லாம் தாளில் புள்ளியாக விழும். வேலை செய்யாத கட்டி வெற்றிடமாக நிற்கும். வெற்றிடம் எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் புற்றுநோய் பெரும்பாலும் வெற்றிடமாகத்தான் நிற்கும்.

புற்றுநோய் என்ற சொல்லை அவர் என்னிடம்தான் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. பசறை வழியாக பஸ்ஸில் திரும்பும்போது அவள், "என்னாங்க, கான்சரான்னு பாக்கத்தானே கொழும்புக்கு அனுப்புறாரு?" என்று கேட்டாள். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். "ஆமா," என்றேன்.

அந்தச் சுரப்பியைப் பசியோடு கொண்டுவர வேண்டும் என்பது பதுளை டாக்டரின் கட்டளை. மூன்று வாரத்துக்குக் கருவாடு கூடாது, நெத்தலி கூடாது, மாசி கூடாது, கடலிலிருந்து வந்த எதுவும் கூடாது. இருமலுக்கென்று மருந்து குடிக்கக் கூடாது. தோட்டத்துச் சோற்றுக்கு ருசி என்று ஒன்று இருந்தால் அது கருவாட்டிலிருந்து வந்ததுதான். "அப்ப நான் என்னத்தத் தின்னு கொழுந்து எடுக்கிறது?" என்று அவள் கேட்டாள். கேட்டாளே தவிர, மாசி போடாத சம்பலும் ரொட்டியுமாக அந்த மூன்று வாரத்தையும் ஓட்டினாள். நான் காவல்காரனைப் போல அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொழும்பில் அவளுடைய தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் எங்களைத் தங்கவைத்தான். தன் அக்காவைக் கண்ட சந்தோஷத்தில் வாழையிலையில் பொரித்த மீனைக் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, பாரை மீனு. இத விட்டா நீ எப்பத் திம்ப?"

"எடுத்துட்டுப் போடா. என் தொண்டை வெரதம் இருக்கு."

"தொண்டை வெரதம் இருந்தா என்னா, வாயில போட்டு வயித்துக்கு அனுப்பு."

"ஒன் மச்சான் மொகத்தப் பாரு. அந்த மீனு உசுரோட இருந்தா இவரப் பாத்தே செத்துருக்கும்."

இலையை அவளே என் பக்கம் தள்ளிவிட்டாள். என்னாலும் உண்ண இயலவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கனத்த ஈயப் பாத்திரத்துக்குள்ளிருந்து ஒரு சிறிய கண்ணாடிக் குவளையை எடுத்தார்கள். கையுறை போட்ட ஒருவர் நீண்ட இடுக்கியால் அதைப் பிடித்து அவளிடம் கொடுத்துவிட்டு எட்ட நின்றார். அவ்வளவு முன்னெச்சரிக்கையைக் கண்டு அதற்குள் நெருப்பு நிறத்தில் ஏதோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்து, "பச்சத் தண்ணிங்க. இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றாள்.

அதற்கு மறுநாள் ஸ்கேன். அறைக் கதவு பாதி திறந்திருந்ததால் நான் வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. அவளை ஒரு மேசையில் கிடத்தி, தோளுக்குக் கீழே தலையணையைக் கொடுத்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை மேலே நிமிர்த்தினார்கள். தாலிக் கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிடச் சொன்னார்கள். பாரமான இரும்புத் தலை ஒன்று அவள் கழுத்துக்கு மேலே நெருங்கி வந்து, உழவு மாடு வயலில் போய் வருவதைப் போல ஒரு கோடு போய், சிறிது இறங்கி, மறு கோடு திரும்பியது. பக்கத்தில் தாள் இருந்தது. கதிர் வந்து சேரும்போதெல்லாம் ஒரு சிறு முள் தாளில் தட்டி ஒரு புள்ளி வைக்குமாம். எங்களுக்கு முன்னால் போன ஒரு பெண்ணுக்கு அது தகரத்தில் விழும் மழையைப் போலத் தட்டியதை நான் கேட்டிருந்தேன்.

இவளுக்கு அது தட்டவில்லை. எப்போதாவது ஒரு தட்டல் கேட்டது. பின்பு நெடுநேரம் ஒன்றும் இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடைபாதையின் மறு கோடிவரை போனேன், அங்கிருந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இயந்திரம் வேலை முடித்தபோது தாள் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. அங்குமிங்கும் ஈ எச்சமிட்டதைப் போலச் சில புள்ளிகள், வேறொன்றும் இல்லை. இயந்திரத்தை ஓட்டியவர் முகத்தைச் சுளித்து அதை மறுபடி ஒரு முறை ஓட்டினார். மீண்டும் அதே வெறுந்தாள்.

வேலை செய்யாத கட்டி வெற்றிடமாக நிற்கும் என்று பதுளை டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே கழுத்து முழுவதும் வெற்றிடம். அப்படியானால் கழுத்து முழுவதும் புற்று என்று என் மனம் கணக்குப் போட்டது.

டாக்டரை அழைத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்தவர், வயதில் இளையவர், பொறுமையுள்ளவர். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அம்மா, மீன் ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றாள். "கருவாடு? மாசி? இருமல் மருந்து ஏதும் குடிச்சனீங்களோ?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். "உண்மையைச் சொல்லுங்கோ, நான் ஏச மாட்டன்." அவள் கண்கள் கலங்கிவிட்டன. மூன்று வாரம் வெறும் ரொட்டியைத் தின்றவளைப் பொய்க்காரி என்பதுபோல் கேட்டால் எவளுக்குத்தான் கலங்காது? நான் குறுக்கே புகுந்து, "ஐயா, நான் சாட்சி," என்றேன். நீதிமன்றத்தில் நிற்பவனைப் போல என் குரல் உயர்ந்துவிட்டது.

டாக்டர் அவளை மேசையிலிருந்து இறங்கச் சொன்னார். அவள் இறங்குவதற்காகச் சேலையைச் சிறிது தூக்கிக் காலைப் படியில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"கால் என்ன இப்பிடிக் கிடக்கு?"

அவளுடைய கணுக்காலிலிருந்து முழங்கால்வரை, தேக்குப் பலகைக்குச் சாயம் தீட்டியதைப் போலப் பழுப்பு ஏறியிருந்தது.

"அட்டைக் கடிங்க ஐயா," என்றாள். "மழைக்காலம். மலையில சரியான அட்டை."

"கடி சரி. இந்த நிறம்?"

"டிஞ்சருங்க."

மடுல்சீமை மழையில் கொழுந்து எடுப்பவளின் காலில் ஒரு நாளைக்கு எத்தனை அட்டை ஏறும் என்பதை அவள்தான் அறிவாள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் பெண்கள் வரிசையாக வாசற்படியில் உட்கார்ந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டு, காலைக் கழுவி, மருந்தறையில் வாங்கிய டிஞ்சரைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு கடிவாயிலும் வைப்பார்கள். வைக்காவிட்டால் அரிப்பு, சொறிந்தால் புண், புண் பழுத்தால், பேர் கொடுத்து வேலைக்கு நிற்கும் காலைப் பெரட்டுக்குப் போக முடியாது. தேயிலைச் செடியின் வாது, அதன் கிளை, கிழித்த விரல்களுக்கும் அதுதான். அதை மருந்து என்று எண்ணுவாரும் இல்லை. முகம் கழுவுவதைப் போன்ற ஒரு காரியம் அது. கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன்னாலோ, பெரிய டாக்டர்கள் முன்னிலையில் சீழோடும் சொறியோடும் போய் நிற்கக் கூடாது என்று, அவள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூசியிருந்தாள்.

"அந்த டிஞ்சரில இருக்கிறதே அயோடின்தான் அம்மா," என்றார் டாக்டர். "தோலால ஊறி உள்ள போயிருக்கு. உங்கட தொண்டை அதை வயிறு நிறையக் குடிச்சுப்போட்டுக் கிடக்கு. நாங்கள் குடுத்த மருந்துக்கு அங்க இடமில்லை."

அவரிடம் கோபம் இல்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டோம், காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பின்பு தாளைக் காட்டி, "இது உங்கட வருத்தம் என்ன நோய் எண்டு சொல்லேல்லை. இது ஒண்டையும் சொல்லேல்லை. ஒன்றரை மாதம் டிஞ்சர் தொடாமல் திரும்ப வாங்கோ," என்றார்.

அறுப்பதா வேண்டாமா என்ற கேள்வி அப்படியே நின்றது. கட்டியோ நிற்கவில்லை.

அந்த ஒன்றரை மாதம் நான் ஸ்டோரில் வேலை செய்தேன் என்று சொல்வது முறையாகாது. வாட்டும் மாடியில் இலையைக் கையில் எடுத்துக் கசக்கிப் பதம் பார்ப்பவன், பதம் கடந்ததையும் அறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அவள் ரொட்டி தட்டும்போதும், மகளுக்குத் தலை பின்னும்போதும், என் கண் அவள் தொண்டைக்குப் போய்விடும். நேற்றைவிடப் பெரிதா, அதே அளவா? ஒரு நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. வந்ததுலருந்து கழுத்துக்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கீங்க," என்றாள்.

மழை நிற்கவில்லை. அவளை அட்டையில்லாத வேலைக்கு, ஸ்டோரில் குச்சி பொறுக்க மாற்றிவிடும்படி கங்காணியிடம் கேட்டேன். "அட்டைக்குப் பயந்து ஸ்டோருக்கு வர்றதுன்னா, அப்புறம் மலையில நானும் அட்டையும்தான் இருக்கணும்பா," என்று சொல்லிவிட்டார். டாக்டர் ஐயாவிடம் வேறு மருந்து கேட்டேன். ஊதா மருந்து போடலாம், ஆனால் இருப்பில்லை என்றார். அந்நாட்களில் எந்த மருந்தறையிலும் எதுவும் இருப்பில் இருந்ததில்லை. ஆகவே அவள் காலில் சவுக்காரத்தையும் சுண்ணாம்பையும் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனாள். மழை அதைக் கழுவிற்று, அட்டை ஏறிற்று. மாலையில் கடிவாய்கள் தடித்துச் சிவந்து நீர் வடிந்தன. மற்றப் பெண்கள் டிஞ்சர் வைக்கும் நேரத்தில் அவள் மட்டும் ஒரு தேங்காய்த் தும்பால் காலைத் தேய்த்துக்கொண்டு பல்லைக் கடித்திருப்பாள்.

அக்காவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போத்தலும் பஞ்சுமாக வந்து நின்றாள்.

"ஒரு சொட்டுடி. ஒரே ஒரு சொட்டுப் போட்டா கொழும்புக்குத் தெரியவா போகுது?"

"தெரியும் அக்கா," என்று நான் உள்ளிருந்து வந்தேன். "தாள்ல தெரியும்."

"காலுல போட்டது கழுத்துல தெரியுமாம். நல்ல டாக்டரு, நல்ல நாயம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஒன்றரை மாதத்தின் பின் இரண்டாவது தாள் எடுக்கப்பட்டது. இம்முறை முள் தட்டிக்கொண்டே இருந்தது. நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அடர்ந்து தட்டிய ஒலி, வலப்பக்கம் வரும்போதெல்லாம் விட்டுவிட்டது, மறுபடி தட்டியது, மறுபடி அதே இடத்தில் விட்டுவிட்டது. தாளை நான் பார்ப்பதற்கு முன்பே எனக்குச் செய்தி தெரிந்துவிட்டது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போலச் சுரப்பி தாளில் பதிந்திருந்தது. அதன் வலச் சிறகில், பூச்சி அரித்ததைப் போல வட்டமாக ஒரு வெற்றிடம் இருந்தது.

"வெட்டித்தான் பாக்கவேணும்," என்றார் டாக்டர்.

வெட்டினார்கள். எடுத்த கட்டியைச் சோதித்து, புற்றுதான் என்றார்கள். சுரப்பி முழுவதையும் எடுத்தார்கள். அதன் பின்னும் கழுத்தில் மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தபோது சில புள்ளிகள் விழுந்தன. அந்த மிச்சத்தைக் கதிரால் கருக்குவதற்காக அதே அயோடினைப் பெரிய அளவில் குடிக்கக் கொடுத்து, அவளைத் தனியறையில் வைத்தார்கள். வாசலில் நின்றே நான் பேச வேண்டும். "சோத்துத் தட்ட ஒரு குச்சியால தள்ளாத கொறையா வக்கிறாங்க. நான் என்னா புலியா?" என்று அவள் உள்ளிருந்து கேட்டாள். குரல் முன்னையிலும் கம்மியிருந்தது. கேலி மட்டும் பழையபடியே இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்துக் கடைசி ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். அதில் ஒன்றுமே விழாவிட்டால்தான் மிச்சம் இல்லை என்று பொருள். என் நிலைமையின் விசித்திரத்தை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். முதன்முறை வெறுந்தாளைக் கண்டு நடுங்கியவன், இப்போது வெறுந்தாளுக்காகவே கோவிலில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் என் அமைதியின்மை அதோடு தீர்ந்துவிடவில்லை. டிஞ்சர் பட்டிருந்தாலும் தாள் வெறுமையாகத்தானே இருக்கும்? அது நோய் நீங்கிய வெறுமையா, டிஞ்சர் மறைத்த வெறுமையா என்று எப்படி அறிவது? உள்ளே மிச்சம் இருந்து, நாங்கள் இல்லை என்று நம்பி வீட்டுக்கு வந்துவிட்டால்?

மீண்டும் மழைக்காலமாக வேறு அமைந்துவிட்டது. சுரப்பி இல்லாதவளுக்கு அதற்குப் பதிலாக நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டு. ஸ்கேனுக்கு ஒன்றரை மாதம் முன்னால் அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் உடல் அணைந்துபோகிற அடுப்பைப் போல ஆகிவிடும். அவள் முகம் ஊதிற்று. அடுப்பருகே உட்கார்ந்துகொண்டே குளிருது என்றாள். கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டாள். ஒரு நாள் கொழுந்துக் கூடையை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் மறந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். கங்காணி அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். ஆனால் பீலிக்கும் விறகுக்கும் போனாலே அட்டை ஏறும். இப்படிப்பட்ட மறதியில், பழகிய கை தன்னையறியாமல் டிஞ்சரைத் தொட்டுவிட்டால், அதை அவளே அறிய மாட்டாள். எங்கள் போத்தலை நான் எறிந்துவிட்டேன். ஆனால் மாலையில் எல்லா வாசற்படியிலும் ஒரு போத்தல் திறந்திருந்தது. யார் வாசலில் உட்கார்ந்தாலும் பஞ்சு எட்டும் தூரம்தான்.

இதை நான் அக்காவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவில்லை. தன் தகரப் பெட்டியைத் திறந்து வாசலில் வைத்துவிட்டு, லயத்தின் ஒரு முனையிலிருந்து காம்பராக் காம்பராவாக நுழைந்தாள்.

"டிஞ்சர் போத்தலக் குடு. அவ கொழும்புக்குப் போயி வர்ற வரைக்கும் இந்த லயத்துல எவளும் இதத் தொடக்கூடாது."

"அப்ப எங்க காலு?"

"சொறி. கையி எதுக்கு இருக்கு?"

"ஒன் காலு ஆனைக் காலு. அட்டைக்குப் பல்லு ஒடஞ்சிரும். நீ பேசுவ."

எதிர்க் காம்பராப் பெண் ஒருத்தி போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஒருத்திக்கு நோவுன்னா ஊரே மருந்து போடாம இருக்கணுமா?" என்று சண்டைக்கு வந்தாள். அக்கா அவளிடம் நெருங்கி, "காலையில ஒன் கூடைய ஒன் முதுகுல தூக்கி விடுறது யாருடி? நானா, அவளா?" என்று கேட்டாள். அந்தப் பெண் முந்தானையை விலக்கினாள். பின்பு போத்தலை எடுத்துக் கொடுத்தாள். "மூடி லூசு. சாச்சு வச்சிராத," என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தாலியோடு கோத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மாலை நேரத்தில் எங்கள் லயத்து வாசற்படிகளில் திட்டும் சிரிப்பும் சொறியும் ஓசையும்தான் கேட்டன. அக்காவின் காலில்தான் முதலில் புண் பழுத்தது. அவள் வேப்பிலையை அரைத்துக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள்.

கடைசி ஸ்கேன் அன்று நான் கதவருகே நிற்கவில்லை. நின்றால் ஒவ்வொரு தட்டலையும் எண்ணிவிடுவேன் என்று அஞ்சி, ஆஸ்பத்திரி முற்றத்துக்குப் போய் நடந்தேன். எங்கோ ஒரு தட்டச்சுப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. அது அந்த முள்ளின் ஓசை என்று எண்ணி இரண்டு முறை உள்ளே ஓடினேன். மூன்றாம் முறை ஓடியபோது டாக்டர் தாளோடு நின்றிருந்தார். என் மனைவி மேசையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

தாள் வெறுமையாக இருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். மாத்திரை இல்லாத மந்தத்தில் இருந்தவள், ஏதோ நெடுந்தூரத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுவருபவளைப் போல மெல்லக் குனிந்து, சேலையை முழங்கால்வரை உயர்த்தி, இரண்டு காலையும் அவர் முன்னால் நீட்டினாள். சிவந்ததும் கறுத்ததும் பொருக்குத் தட்டியதும் புதிதாக நீர் கோத்ததுமாக, கடி இல்லாத இடம் இல்லை. பழுப்பு நிறம் மட்டும் எங்கும் இல்லை.

"ஒரு சொட்டும் இல்லீங்க ஐயா," என்றாள். "எங்க லயத்துலயே இல்ல. நாங்க எல்லாரும் சொறிஞ்சுக்கிட்டு இருக்கோம்."

டாக்டர் அந்தக் கால்களை நெடுநேரம் பார்த்தார். பின்புதான் தாளை மறுபடி கையில் எடுத்தார். "அப்ப இது உண்மையான வெறுந்தாள்," என்றார். ஆண்டுதோறும் வந்து பார்க்க வேண்டும் என்றும், மாத்திரையை அன்றே தொடங்கிவிடலாம் என்றும் சொன்னார். நான் கை கூப்பினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

ரயிலில் அவள் நெடுகவும் தூங்கினாள். நான் தூங்கவில்லை, பழக்கதோஷத்தால் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அங்கே இப்போது ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

லயத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது பெண்கள் மலையிலிருந்து இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மகள் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஒண்ணும் இல்லையாம்," என்றேன்.

அக்கா தாலியிலிருந்து சாவியைக் கழற்றினாள். தகரப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்து திறந்தாள். பெண்கள் முண்டியடித்துக்கொண்டு தங்கள் தங்கள் போத்தலைத் தேடினார்கள். எவளோ, "ஏன் போத்தல் பாதியா இருக்கு? அக்கா, குடிச்சியா?" என்று கத்தினாள். அக்கா அதைக் காதில் வாங்காமல், என் மனைவியைப் படியில் உட்காரவைத்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சை நன்றாக நனைத்து முதல் கடிவாயில் வைத்தாள்.

"யக்கா, எரியுது!"

"எரியட்டும். அந்தக் காலையும் காட்டு."